ஆறு பிடியையும் காட்டுங்கள்: ரக்பி லீக் ஒளிபரப்பு உரிமையைக் கையில் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சி நிலையத்தின் விளையாட்டுப் பிரிவுத் தலைவருக்கும், ஒளிபரப்பு நேரங்களை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சிட்னியின் மேற்குப் புறத்தில், வென்ட்வொர்த்வில் ரயில் நிலையத்துக்கு அருகே குடியிருக்கும் நான், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் அலைவரிசையில் ரக்பி லீக் பார்த்து வருகிறேன். இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதைத் தமிழிலும் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்கபி, கிரவீன் என்று பரமட்டாவைச் சுற்றியுள்ள ஊர்களில் வெள்ளிக்கிழமை இரவு உங்கள் அலைவரிசை ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில் பலவற்றில் பேசப்படும் மொழி தமிழ்தான். பார்வையாளர் கணக்கில் நாங்களும் சேர்ந்திருக்கிறோம் என்றால், குறை சொல்வோர் கணக்கிலும் எங்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

என் அணியை உங்கள் வர்ணனையாளர்கள் புகழவில்லை என்றோ, நடுவரின் தீர்ப்பை நீங்கள் கண்டிக்கவில்லை என்றோ நான் எழுதவில்லை. நான் பரமட்டா அணியின் ரசிகன். 1986-க்குப் பிறகு கோப்பையைக் காணாத ஓர் அணியோடு வாழப் பழகியவன். தோல்வியைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெரியும். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தை முழுமையாகவும், உரிய நேரத்திலும், வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும்படியாகவும் காட்டுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் மட்டும்தான். செவன் ஹில்ஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே என்னோடு பொதி கட்டிய சமோவா நாட்டு நண்பர் ஒருவர், திங்கட்கிழமை தோறும் மதிய உணவு வேளையில் முந்திய வார ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். ஒன்றும் விளங்காமல் நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் தன் கை விரல்களை விரித்துக் காட்டி, "ஆறு வரைக்கும் எண்ணு, மற்றதெல்லாம் தானாக விளங்கும்" என்றார். அன்றிரவு வீட்டில் உங்கள் அலைவரிசையைப் போட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஓவருக்கு ஆறு பந்து என்று சிறு வயதிலிருந்தே எண்ணிப் பழகியவனுக்கு அது கைவந்த கணக்காக இருந்தது. அரைமணி நேரத்தில் இந்த ஆட்டம் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

இதைத் தமிழில் வாசிப்போரில் ஆட்டம் அறியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தை வைத்திருக்கும் அணி அதை முன்னே கொண்டு ஓடுகிறது; எதிரணி பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துகிறது. வீழ்ந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிறார். அதற்குள் எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். முன்பு இந்தக் கணக்கே இல்லை; ஓர் அணி தவறு செய்யும்வரை பந்தை எவ்வளவு நேரமும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். 1967-இல் நான்கு என்று வரம்பு கட்டினார்கள். 1971-இல் அதை ஆறாக்கினார்கள். அன்றிலிருந்து இந்த ஆறுதான் ரக்பி லீக்கின் மூச்சு. முதல் மூன்று பிடிகளில் முரட்டு ஓட்டம், நான்காவதில் ஒரு சூது, ஐந்தாவது முடிந்தவுடன் வானை நோக்கி ஓர் உதை. எண்பதைத் தாண்டிய என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது; ஊரில் பார்த்த கபடியின் பழக்கத்தில் அவர் இதை "பிடி" என்றே சொல்வார். "இது அஞ்சாம் பிடி, இனி உதைக்கப் போறான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்து மேலே போயிருக்கும்.

அந்த ஆறைத்தான் நீங்கள் எங்களுக்கு முழுதாகக் காட்டுவதில்லை.

சென்ற பருவத்தில் ஒரு வெள்ளி இரவு. எங்கள் வரவேற்பறையில் அம்மா சாய்வு நாற்காலியில், மகனும் மருமகளும் சோபாவில், ஏழு வயதுப் பேரன் தரையில் நீலமும் மஞ்சளுமான சட்டையோடு. எதிரணி ஒரு ட்ரை வைத்தது, அதாவது எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுத்தது. அதற்கான கோல் உதையும் உள்ளே போனது. உடனே விளம்பரம். ஒரு கார், ஒரு காப்புறுதி நிறுவனம், ஒரு பந்தய நிறுவனம், உங்கள் அலைவரிசையின் சமையல் நிகழ்ச்சிக்கான முன்னோட்டம். திரும்பி வந்தவுடன் அந்த ட்ரையை மறுபடி மெதுவாக ஒருமுறை காட்டினீர்கள். அதன் பிறகு களத்துக்குக் காட்சி மாறியபோது, பரமட்டா வீரர்கள் எதிரணியின் கோட்டுக்கு 20 மீட்டர் தொலைவில் பந்தோடு நின்றார்கள். திரையின் ஓரத்தில் பிடிக் கணக்கு இரண்டு என்று காட்டியது. பேரன் திரும்பிப் பார்த்து, "அப்பப்பா, அவையள் ட்ரை வைச்சா நாங்கள்தானே பந்தை அவையளுக்கு உதைச்சுக் குடுக்க வேணும்? பந்து எப்பிடி எங்கட கையில வந்தது?" என்று கேட்டான்.

மிகச் சரியான கேள்வி. புள்ளியை விட்டுக்கொடுத்த அணிதான் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் மீள் உதையை உதைக்க வேண்டும் என்பதை ஏழு வயதுப் பிள்ளை அறிந்திருக்கிறான். எதிரணி வீரர் யாரோ அந்த உதையைப் பிடிக்கத் தவறியிருக்க வேண்டும் என்று மட்டும்தான் என்னால் அவனுக்குச் சொல்ல முடிந்தது. யார் தவறவிட்டார், எங்கள் வீரர் யாராவது ஓடிவந்து மோதியதால் விழுந்ததா, தானாகவே கைநழுவியதா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அதை நீங்கள் அன்றிரவு காட்டவும் இல்லை. அதைத் தொடர்ந்து வந்த ஐந்தாறு நிமிடங்களில் அந்த ஆட்டம் திசை மாறியது. மாறிய அந்தக் கணம் மட்டும் எங்கள் வீட்டில் விளம்பரத்துக்குப் பின்னால் மறைந்து போனது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஓவர் முடிந்து, பந்து வீசும் முனை மாறி, களத் தடுப்பாளர்கள் இடம் மாறும் நேரத்தில் விளம்பரம் வந்தால் யாரும் பெரிதாக முகம் சுளிப்பதில்லை. ஆனால் ஒவ்வோர் ஓவரிலும் முதல் பந்தை விழுங்கிவிட்டு இரண்டாவதிலிருந்து காட்டினால் எந்தக் கிரிக்கெட் ரசிகர் பொறுத்துக்கொள்வார்? ரக்பி லீக்கில் ஓவர் முடிவு போன்ற இயல்பான ஓய்வு இல்லை என்பதும், உங்கள் வருவாய் விளம்பரத்திலிருந்தே வருகிறது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். இலவசமாகப் பார்ப்பவன் விளம்பரமே வேண்டாம் என்று கேட்பது நியாயமாகாது. கோல் உதைக்கு வீரர் பந்தை நிறுத்தி, பின்னே நடந்து, மூச்சை இழுத்து நிற்கும் நேரம் இருக்கிறது. காயம் பட்டவரைத் தூக்கிச் செல்லும் நேரம் இருக்கிறது. காணொளி நடுவர் ஒரே காட்சியை ஆறு கோணத்தில் பார்க்கும் நேரம் இருக்கிறது. திரையைப் பிரித்து ஒரு பாதியில் விளம்பரமும் மறுபாதியில் களமுமாகக் காட்டும் வழி இருக்கிறது. இவற்றில் எதை வேண்டுமானாலும் கையாளுங்கள். மீள் உதை உதைக்கப்படும்போது நாங்கள் களத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் இல்லாத நேரத்திலும் ஆட்டம் முழுதாகத் தெரிவதில்லை என்பது அடுத்த குறை. வீரரின் முகத்தை, அவருடைய கழுத்தில் ஓடும் வியர்வையை, பயிற்சியாளர் கண்ணாடி அறைக்குள் தலையில் கை வைத்திருப்பதை உங்கள் ஒளிப்படக் கருவிகள் அழகாகவே பிடிக்கின்றன. ஆனால் ஆட்டம் நடப்பது முகங்களில் அல்ல, அந்த 10 மீட்டர் இடைவெளியில். தற்காப்பு வரிசை எவ்வளவு வேகமாக முன்னே ஏறுகிறது, ஓரத்தில் நிற்பவர் எப்போது பின்னே சரிந்து உதையை எதிர்பார்க்கிறார், எந்த முனையில் ஆள் குறைந்திருக்கிறது என்பவற்றைக் காண அகன்ற கோணம் வேண்டும். மைதானத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது அதுதான். 2019-இல் பரமட்டாவில் புதிய அரங்கம் திறக்கப்பட்டு, முதல் லீக் ஆட்டத்தில் எங்கள் அணி வெஸ்ட்ஸ் டைகர்ஸை 51-6 என்று வென்றபோது, மேல் தட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, இத்தனை ஆண்டுகள் தொலைக்காட்சியில் பார்த்தும் தெரியாத எத்தனையோ நகர்வுகள் ஒரே மாலையில் தெரிந்தன. 2020-இல் "மீண்டும் ஆறு" விதி வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. தற்காப்பு அணி தவறு செய்து நடுவர் கையசைத்தவுடன் பிடிக் கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ஆட்டம் நிற்பதே இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் ஒரு மீள்காட்சியைப் போட்டுக்கொண்டிருந்தால், கணக்கு ஏன் மாறியது, யார் தவறு செய்தார் என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. அம்மா எண்ணிக்கொண்டிருந்த விரலை மடக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்.

இனி எழுதப்போவதுதான் இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது.

அதே பேரன், வேறொரு வாரம், ஆட்டம் தொடங்குவதற்கு முன் என்னிடம் வந்து, "பரமட்டா இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்டான். இன்னும் ஆட்டம் தொடங்கவில்லையே, புள்ளி எப்படிச் சொல்வது என்றேன். "புள்ளி இல்லை, எவ்வளவு? ஒரு டாலர் நாற்பதா?" என்றான். பந்தய நிறுவனம் ஓர் அணியின் வெற்றிக்கு வைக்கும் விலை அது. பரமட்டா அணியின் தலைவர் பெயரைக் கற்றுக்கொண்ட அதே திரையிலிருந்து அவன் அதையும் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிறம், ஒரு சின்னம், ஒரு விலை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் சமூகத்தில் பந்தயத்தால் வீட்டை இழந்தவர்களை நான் அறிவேன். வெட்கத்தினால் அவர்கள் வெளியே சொல்வதில்லை. சீட்டுப் பணம் வராமல் போகும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

சட்டப்படிதான் நடக்கிறோம் என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். 2018 மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, காலை 5 மணிக்கும் இரவு 8.30 மணிக்கும் இடையில் நேரலை விளையாட்டின்போது பந்தய விளம்பரம் வரக்கூடாது. ஆட்டம் தொடங்குவதற்கு 5 நிமிடம் முன்னரிலிருந்து முடிந்த 5 நிமிடம் வரைக்கும் அந்தத் தடை பொருந்தும். ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்டம் இரவு 8 மணிக்குத் தொடங்குகிறது. முதல் பாதி முடிவதற்கு முன்னரே 8.30 தாண்டிவிடுகிறது. இடைவேளையில், மறுநாள் பள்ளி இல்லாத காரணத்தால் விழித்திருக்கும் பிள்ளைகள் பழச்சாறும் பிஸ்கட்டுமாகத் திரைக்கு முன்னே உட்கார்ந்திருக்கும் அதே நேரத்தில், பந்தய விளம்பரம் சட்டபூர்வமாக வந்து நிற்கிறது. தடை தொடங்குவதற்கு முந்திய முன்னோட்ட நிகழ்ச்சியிலும் அதே கதைதான். சட்டத்தின் எழுத்து காக்கப்படுகிறது, பிள்ளைகள் காக்கப்படவில்லை.

மறைந்த நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டா மர்ஃபி தலைமையில் இணையவழிச் சூதாட்டத்தின் தீங்குகளை ஆராய்ந்த குழு, 2023 ஜூன் மாதம் 31 பரிந்துரைகளோடு தன் அறிக்கையை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் படிப்படியாக இத்தகைய விளம்பரங்களை முழுதாக நிறுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கட்சி வேறுபாடு இன்றி அக்குழுவில் இருந்தோர் ஒத்துக்கொண்ட கருத்து அது. அந்த அறிக்கையை மதிப்பதற்கு நீங்கள் எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ரக்பி லீக் ஆட்டம் காட்டப்படும் நேரத்திலும் அதன் முன்னும் பின்னும் வரும் நிகழ்ச்சிகளிலும் பந்தய விளம்பரம் ஏற்பதில்லை என்று உங்கள் நிலையமே முடிவெடுக்கலாம். வருவாய் குறையும் என்பது உண்மை. அந்தப் பணம் எங்கள் வீடுகளிலிருந்து வருவது என்பதும் உண்மை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடந்த ஆட்டத்தை 4 மணிக்குத்தான் காட்டும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் நாங்கள் வானொலியைத் தொடாமல், தொலைபேசி அடித்தால் எடுக்காமல் இருந்தோம். ஆட்டம் பார்க்காத என் மைத்துனர் ஒருமுறை வாசலில் நின்றே "பரமட்டா தோத்துட்டுதாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அதன் பிறகு அவர் ஞாயிறுகளில் மாலை ஆறு மணிக்குப் பிறகே வரும்படி என் மனைவி சொல்லி வைத்தார். மெல்பனில் நிலைமை இன்னும் மோசம். மெல்பன் ஸ்டார்ம் 1998-இல் களமிறங்கி, அடுத்த ஆண்டே 107,999 பேர் கூடியிருந்த இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் இலவாராவை 20-18 என்று வென்ற அணி. இருந்தும் பின்னர் பல ஆண்டுகள், அந்நகரில் இலவசத் தொலைக்காட்சியில் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்க நள்ளிரவு தாண்டும்வரை விழித்திருக்க வேண்டியிருந்தது. டண்டனாங்கில் இருக்கும் என் நண்பர் காணொளி நாடாவில் பதிவு செய்துவிட்டு, காலையில் வேலைக்குப் போகும் முன் பார்ப்பார். அந்த வழக்கங்கள் ஒழிந்தன. ரசிகர்கள் சலிக்காமல் முறையிட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பதால்தான், இம்மடலும் வீண்போகாது என்று நம்புகிறேன்.

இன்று சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. வழக்கமான ஒரு சுற்றில் நடக்கும் எட்டு ஆட்டங்களில் வியாழன் இரவு, வெள்ளி இரவு, ஞாயிறு பிற்பகல் என்று மூன்றே இலவசத் திரைக்கு வருகின்றன. சனிக்கிழமை, வேலைக்குப் போவோருக்கும் பள்ளிக்குப் போவோருக்கும் பொதுவான அந்த ஓய்வு நாள், ஏறக்குறைய பருவம் முழுவதும் சந்தா கட்டியவர்களுக்கே உரியதாகிவிட்டது. அந்த மூன்றிலும் பெரும் பார்வையாளர் கூட்டம் உள்ள அணிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. வெள்ளி இரவென்றால் பிரிஸ்பேன் பிராங்கோஸ் என்று பல ஆண்டுகள் எழுதி வைத்தாற்போல் இருந்தது. கான்பெராவிலும் நியூசிலாந்திலும் உள்ள அணிகளை நேசிப்பவர் இலவசத் திரையில் தம் அணியைக் காண வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சந்தா கட்ட இயலாதவர் கிளப்புக்குப் போய்ப் பார்க்கலாமே என்று சொல்வோர் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் அந்தக் கிளப்புகளில் பெரிய திரைக்குச் சில எட்டு தள்ளிச் சூதாட்ட இயந்திரங்கள் வரிசையாக மின்னிக்கொண்டிருக்கும் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

இந்த ஆட்டம் யாருடையது என்பதை மறக்காதீர்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில், ஒரு விடுதியில் கூடிய வடபகுதிக் கழகங்கள் பழைய ரக்பி சங்கத்தை விட்டுப் பிரிந்தன. சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றைய கூலி இழப்பை ஈடு செய்ய அந்தச் சங்கம் மறுத்ததுதான் பிரிவினைக்கு முக்கியக் காரணம். 1908-இல் சிட்னியில் முதல் பருவம் தொடங்கியபோதும், காயம் பட்டவருக்கு மருத்துவச் செலவு கூடக் கொடுக்காத பழைய அமைப்பின் மீதான கோபம் அதன் பின்னணியில் இருந்தது. கூலி இழந்த தொழிலாளிக்காகப் பிறந்த ஆட்டம் சந்தா கட்டியவர்களின் ஆட்டமாக மாறுவது எனக்குப் பெரிய வேதனை. முக்கிய விளையாட்டுகளை முதலில் இலவசத் தொலைக்காட்சிக்கே தர வேண்டும் என்று இந்நாட்டில் சட்டப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 2024-இல் அந்தப் பாதுகாப்பை இணையவழி ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு எதிராகவும் விரிவுபடுத்தினார்கள். மக்கள் பெயரால் உங்களுக்குக் கிடைத்த முன்னுரிமை அது. ஆனால் உரிமையை வாங்கும் வாய்ப்பைத்தான் அந்தப் பட்டியல் காக்கிறது. வாங்கியதை எப்படிக் காட்ட வேண்டும் என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டது. அடுத்த உரிமை ஒப்பந்தத்துக்குப் பேச உட்காரும்போது, சனிக்கிழமை ஓர் ஆட்டத்தையாவது இலவசத் திரைக்குக் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டின் கடைசி ஆட்டத்தைப் பகலுக்குத் திருப்புங்கள் என்பதும் என் வேண்டுகோள். முதன்முதலாக இரவில் நடந்த இறுதி ஆட்டம் 2001-இல். அதில் ஆடியது எங்கள் பரமட்டா. இடைவேளையில் நியூகாசிலுக்கு எதிராக 24-0 என்று பின்தங்கியிருந்தோம். ஒன்பது வயதான என் மகன் அழுதுகொண்டே தூங்கிப் போனான். இரண்டாம் பாதியில் பரமட்டா எழுந்து 24 புள்ளிகள் எடுத்து, 30-24 என்று மிகக் குறைந்த இடைவெளியில்தான் தோற்றது. அந்த எழுச்சியை அவன் பார்க்கவில்லை. மறுநாள் காலை நான் சொல்லிக் கேட்டதுதான். 2022-இல் பரமட்டா மறுபடி இறுதிக்கு வந்தபோது அவனுக்கு முப்பது வயது, கையில் அவன் பிள்ளை. அந்தப் பிள்ளையும் கோப்பை கொடுக்கும் நேரத்துக்கு முன்பே தூங்கிவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை. அதே 2022 அக்டோபர் 2 அன்று, அதே அரங்கில், பரமட்டாவின் பெண்கள் அணியும் தங்கள் இறுதி ஆட்டத்தை ஆடியது. அது பகலில் நடந்ததால் வீட்டில் எல்லாரும் விழித்திருந்து பார்த்தோம். 32-12 என்று நியூகாசிலிடம் தோற்றோம்; ஆனால் என் பேத்தி மறுவாரமே எனக்கும் ஒரு பந்து வேண்டும் என்று கேட்டாள். பெண்கள் லீக் 2018-இல் நான்கு அணிகளோடு தொடங்கி இன்று பன்னிரண்டாக வளர்ந்திருக்கிறது. அவர்களுடைய ஆட்டங்களுக்கும் அதே எண்ணிக்கையில் கருவிகளும், முன்னரே தயாரித்து வரும் வர்ணனையாளர்களும் வேண்டும்.

வர்ணனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னாள் வீரர்கள் தங்கள் பழைய பயணக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. அது ஆட்டத்தின் மேல் ஏறி உட்காரும்போதுதான் வருத்தம். இன்னொன்று பெயர்கள். இந்த லீக்கில் ஆடுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் சமோவா, டோங்கா, ஃபிஜி, மாவோரி போன்ற பசிபிக் மக்களின் வழித்தோன்றல்கள். 2017-இல் ஜேசன் தௌமலோலோ நியூசிலாந்தை விட்டு டோங்காவுக்கு ஆட முன்வந்ததும், அந்த அணி நியூசிலாந்தை 28-22 என்று வீழ்த்தியதும், 2022-இல் சமோவா உலகக் கோப்பை இறுதிவரை சென்றதும் இந்த ஆட்டத்தின் வரைபடத்தையே மாற்றிய நிகழ்வுகள். அப்படிப்பட்டவர்களின் பெயர்களை எண்பது நிமிடமும் ஆளுக்கொரு விதமாக உருட்டுவது சரியல்ல. பள்ளி வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் தங்கள் பெயரை எட்டும்போது தயங்கி நிற்பதைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு வர்ணனையாளர் ஒரு சமோவா வீரரின் பெயரைச் சரியாகச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முன் அந்த வீரரிடமே கேட்டுப் பழகிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

நீங்கள் நன்றாகச் செய்வதையும் நான் மறைக்க விரும்பவில்லை. மாநில அணிகள் மோதும் ஆட்டங்களையும் இறுதிச் சுற்று ஆட்டங்களையும் நாடு முழுவதும் இலவசமாகக் காட்டுகிறீர்கள். ட்ரை வைக்கும்போது பந்து கோட்டைத் தொட்டதா என்பதைக் காட்டும் உங்கள் தாழ்வான கோணங்கள் அருமை. முப்பது ஆண்டுகளுக்கு முன், மொழியும் முறையும் தெரியாமல் வந்த ஒருவனுக்கு இந்த ஊரோடு பேசுவதற்கு ஒரு பேச்சைக் கொடுத்தது உங்கள் திரைதான். அந்த நன்றி இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வரும் பருவத்தின் முதல் சுற்றுக்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். மீள் உதைக்கு முன் களத்துக்குத் திரும்புவோம் என்று உங்கள் தயாரிப்பாளர்களுக்கு விதி வகுப்பீர்களா? ரக்பி லீக் ஒளிபரப்பில் பந்தய விளம்பரத்தை எந்த நாளிலிருந்து நிறுத்துவீர்கள்? இறுதி ஆட்டத்தைப் பகலில் நடத்துவது பற்றி லீக் நிர்வாகத்திடம் பேசுவீர்களா? உங்கள் பதிலை நானே தமிழில் எழுதி, என் பேரன் ஆடும் சிறுவர் கழகத்தின் அறிவிப்புப் பலகையிலும், அவன் சனிக்கிழமை போகும் தமிழ்ப் பள்ளியின் வாசலிலும் ஒட்டி வைக்கிறேன். அம்மாவுக்கு வாசித்தும் காட்டுகிறேன்.

மதிப்புடன்,

பரமட்டா அணியின் நெடுநாள் ரசிகன்
வென்ட்வொர்த்வில், சிட்னி